பாசி: ஒரு பெயர், மூன்று உயிர்கள்

சுங்கை பட்டாணித் தோட்டங்களில், மழைக்குப்பின் ரப்பர் மரத்தடியில் பசுமையாய்ப் படிந்திருப்பதைப் பாசி என்கிறோம். பண்டிகை இனிப்பாகும் கடற்பாசிக்கும், கறிமசாலையில் சேரும் கல்பாசிக்கும் அப்பெயரே வழங்குகிறது. பசுமை + இலை, பாசிலை எனப் புணர்வதை மாணவர் அறிவர். பாசி என்பதும் அவ்வேரினதே. நிறத்தால் தோன்றிய பெயர், பின்னர் வெவ்வேறு உயிர்களையும் தழுவிற்று.

கடற்பாசி, ஆல்கா இனம். கல்பாசி, பூஞ்சையும் ஆல்காவும் கூடிவாழும் லைக்கன். மரத்தடியில் உள்ளதோ மாஸ். உண்மை வேரற்ற சிறு நிலத்தாவரம். ஆதலின் அது உடல் முழுவதாலும் நீரை உறிஞ்சுகிறது. ஸ்பாக்னம் என்னும் மாஸ் தன் உலர் எடையைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு நீரை ஏற்கும். அதன் அமிலத்தன்மை நுண்ணுயிர்ப் பெருக்கத்தையும் தடுக்கும். முதல் உலகப்போரில் (1914–1918) பஞ்சு குறைந்தபோது, பிரிட்டனில் அதனைக்கொண்டு காயக்கட்டுகள் செய்தனர். 2008இல் மரபணுத்தொகுதி வெளியிடப்பெற்ற ஃபிஸ்கோமிட்ரெல்லா என்னும் மாஸை இன்று தூய கலன்களில் வளர்த்து, மருந்துப் புரதங்களும் சருமப்பூச்சுக்கான சாறும் பெறுகின்றனர்.

எனினும், நீரை உறிஞ்சும் அவ்வியல்பே பூச்சிக்கொல்லியையும் புகையின் உலோகத் துகளையும் மாஸினுள் சேர்க்கிறது. ‘பாசி மேனிக்கு நல்லது’ எனக் கேட்டுத் தோட்டத்துப் பாசியை அரைத்துப் பூசுவது தீங்காகலாம். எந்தப் பாசி, எங்கு வளர்ந்தது என வினவும் பழக்கத்தை ஆசிரியர்கள் வகுப்பறையிலேயே ஊட்டவேண்டும். மருந்தின் முதற்காப்பு, பொருளைச் சரியாகப் பெயரிடுதலே.