கட்டணம் கட்டாததால் மூண்ட விண்வெளிப் போர்

2014 ஜனவரி 27. ஒரு விண்மீன் மண்டலத்தைத் தன் பிடியில் வைத்திருந்த கூட்டணி, அதற்கான கட்டணத்தைக் கட்டத் தவறியது. விடுவார்களா எதிரிகள்? படையோடு புகுந்துவிட்டார்கள். சுமார் 21 மணி நேரச் சண்டையில் 75 'டைட்டன்' ராட்சதக் கப்பல்கள் தூள்தூளாயின.

பயப்படாதீர்கள், இது நடந்தது 'ஈவ் ஆன்லைன்' என்ற கணினி விளையாட்டில்! ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் உருவாக்கி, 2003 மே மாதம் வெளியான அறிவியல் புனைவு விளையாட்டு இது. சீனாவுக்குத் தனி சர்வர். மற்ற நாட்டவர் எல்லாரும் 7,000-க்கும் மேற்பட்ட மண்டலங்கள் கொண்ட ஒரே பிரபஞ்சத்தில்தான் உலவுகிறார்கள்.

போரிட்டே ஆகவேண்டும் என்றில்லை. விண்கற்களில் கனிமம் தோண்டலாம், கப்பல் கட்டலாம், சரக்கு வாங்கி விற்கலாம். கப்பல்களில் பெரும்பாலானவை ஆட்டக்காரர்களே கட்டியவை, போனால் போனதுதான். இந்தச் சந்தையைக் கவனிக்கவே 2007-இல் ஒரு பொருளியல் அறிஞரை வேலைக்கு வைத்தார்கள். ஆட்டத்தின் நாணயம் ஐ.எஸ்.கே. ஐஸ்லாந்து நாட்டுப் பணத்தின் குறியீடும் அதுவே. குறும்புதான்!

ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் மோதினால் சர்வர் திணறும். அப்போது ஆட்டத்துக்குள் காலமே மெதுவாகும், பத்தில் ஒரு பங்கு வேகம் வரைக்கும். பத்து நொடியில் சுட வேண்டிய பீரங்கி, நூறு நொடி எடுத்துக்கொள்ளும். அந்த 21 மணி நேரக் கணக்கு இப்போது புரிகிறதா?