மகாராஜா விமானமும் வங்கிக் கடனும்

டகோட்டா விமானம் தரையில் நிற்கும்போது மூக்கு மேலே தூக்கியிருக்கும், வால் தாழ்ந்திருக்கும். பின்பக்கக் கதவு வழியாக ஏறுகிறவர்கள் இருக்கை முதுகுகளைப் பிடித்துக்கொண்டு மேடேறித்தான் தங்கள் இடத்துக்குப் போக வேண்டும். 1940களின் இறுதியில் மைசூர் மகாராஜாவின் டகோட்டாவில் அப்படி மேடேறியவர்களில் நேரு உண்டு, ராஜேந்திர பிரசாத் உண்டு, சர்தார் படேல் உண்டு. மேட்டின் உச்சியில், காக்பிட்டில், கேப்டன் வி. சுந்தரமும் அவருக்குத் துணை விமானியாக அவர் மனைவி உஷாவும் இருந்தார்கள். உஷாவுக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

1924இல் பிறந்த உஷா சுந்தரம், 1946இல் கணவரோடு பெங்களூருக்குக் குடிபெயர்ந்தார். சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானி என்று அவரைச் சொல்கிறார்கள். இந்த ‘முதல்’ பட்டம் நம் ஊரில் கொஞ்சம் தாராளமாகவே வழங்கப்படும். 1932இலேயே விமானி உரிமம் வாங்கியவர் என்று ஊர்மிளா பாரிக்கைக் காட்டுவார்கள். 1936இல் சேலை கட்டிக்கொண்டு ஜிப்சி மாத் விமானத்தைத் தனியாக ஓட்டிய சரளா தக்ராலைக் காட்டுவார்கள். பல நிறுவனங்கள் கைவிரித்த பிறகு ஹைதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸில் வேலை வாங்கிய பிரேம் மாத்தூரையும் காட்டுவார்கள். யார் முதல் என்று அடித்துக்கொள்வதைவிட, இவர்கள் எந்த வழியாக உள்ளே வந்தார்கள் என்று பார்ப்பது எனக்குச் சுவையாக இருக்கிறது.

அன்று வழி பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருந்தது. சரளாவின் கணவர் பி.டி. சர்மா கராச்சிக்கும் லாகூருக்கும் இடையே தபால் விமானம் ஓட்டியவர். சரளா தனியாகப் பறந்தபோது அவருக்கு 21 வயது, நான்கு வயதில் ஒரு மகள். விமானம் அந்த வீட்டில் அன்றாடப் பேச்சு, பறக்கப் போகிறேன் என்றபோது குறுக்கே விழ ஆளில்லை. ஆனால் அந்த வழி எவ்வளவு குறுகலானது என்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. 1939இல் சர்மா விபத்தில் இறந்தார். வணிக விமானி உரிமத்துக்காக சரளா ஜோத்பூர் போனார். உலகப் போர் வந்து பயிற்சியை நிறுத்தியது. லாகூருக்குத் திரும்பி ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். பிரிவினைக்குப் பின் டெல்லியில் துணி வடிவமைத்தும் நகை வடிவமைத்தும் வாழ்ந்தார். பறந்தது அவர் வாழ்க்கையில் சில ஆண்டுகள்தான்.

உஷாவுக்கு அந்த வழி அடைபடவில்லை. கணவர் விமானி, சமஸ்தானத்தில் விமானம், ஊருக்கு வெளியே ஜக்கூரில் புதிதாக ஓர் அரசு விமானப் பயிற்சிப் பள்ளி. 1949இல் அந்தப் பள்ளியிலிருந்து தேறி வந்த முதல் ஆள் உஷா. ‘முதல் பெண்’ அல்ல, முதல் ஆள். மற்ற எல்லாப் பட்டங்களையும்விட எனக்குப் பிடித்தது இதுதான்.

ஜக்கூர் பள்ளி இன்றும் இருக்கிறது. ஆனால் அன்று வயலும் ஏரியுமாக இருந்த இடத்தை இப்போது பெங்களூர் நான்கு பக்கமும் சூழ்ந்துவிட்டது. 2008இல் தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் வந்தது. அங்கே போகும் நெடுஞ்சாலையை மேம்பாலமாகத் தூக்கியபோது, ஜக்கூர் ஓடுபாதையில் பயன்படுத்தக்கூடிய நீளம் குறைந்துபோனது. புதிய விமான நிலையத்துக்குப் பாதை விட்டதில் பழைய ஓடுபாதைக்கு நஷ்டம்!

இன்று விமானியாக நினைக்கும் பெண்ணுக்குப் பறக்கும் கணவர் தேவையில்லை. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும், மருத்துவத் தகுதிச் சான்று, விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் எழுத்துத் தேர்வுகள், 200 மணி நேரப் பறத்தல். அதற்குப் பிறகு ஏர்பஸ்ஸோ போயிங்கோ, குறிப்பிட்ட ரகத்தை ஓட்டத் தனிப் பயிற்சி. எல்லாம் சேர்த்து அரைக் கோடிக்கு மேல் ஆகும். வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகிறது. அன்று ஒரு மகாராஜாவின் தயவு, இன்று ஒரு வங்கி மேலாளரின் கையெழுத்து. பணமில்லாத வீட்டுப் பெண்ணுக்கு இரண்டும் ஒரே தூரத்தில்தான். ஆனாலும் கணக்கு மாறியிருக்கிறது. இந்திய விமானிகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் பெண்கள். உலகச் சராசரி ஐந்தை ஒட்டித்தான் நிற்கிறது. அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் நாம் முந்தி நிற்கும் வேலைகள் அதிகமில்லை, இது அவற்றில் ஒன்று.

வேலையும் அன்று வேறு. டகோட்டாவின் சுக்கானை அசைப்பது கம்பிவடமும் விமானியின் கைபலமும்தான். கைக்கு உதவ நீரழுத்தம் கிடையாது. காற்று முரண்டு பிடித்தால் இரண்டு பேரும் சேர்ந்து இழுக்க வேண்டும். ‘பெண்ணுக்குத் தெம்பு பத்தாது’ என்ற வாதத்துக்கு அது வலுச் சேர்த்தது. அதைச் சும்மா சொன்னார்கள் என்றும் சொல்ல முடியாது, அவ்வளவு கனம். மழை பெய்தால் முன்கண்ணாடி ஓரமாக ஒழுகி விமானியின் மடியில் சொட்டும். டகோட்டா ஓட்டியவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் சிரித்துக்கொண்டே சொல்லும் புகார் இது. கேபினில் காற்றழுத்தம் இல்லாததால் மேகத்துக்கு மேலே ஏறித் தப்பவும் வழியில்லை. பருவமழைக்குள் நுழைந்துதான் வெளியே வர வேண்டும். மேகம் இல்லாத நாளில் ரயில் தண்டவாளமும் ஆறும்தான் நம்பகமான வழிகாட்டி.

அந்த விமானங்களில்தான் பிரிவினையின்போது பாகிஸ்தான் பக்கத்திலிருந்து மக்களை மீட்டு வந்தார்கள். சமஸ்தானங்களை இந்தியாவோடு இணைக்கப் படேல் ஊர் ஊராகப் பறந்தபோது அவரைச் சுமந்ததும் மைசூர் டகோட்டா. நாட்டின் வரைபடம் மாறிக்கொண்டிருந்த மாதங்களில், அதை மாற்றுகிறவர்களை ஏற்றிக்கொண்டு பறந்தவர்களில் உஷாவும் ஒருவர். வரலாற்றுப் புத்தகத்தில் படேல் பெயர் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். ஓட்டியவர் பெயருக்கு அடிக்குறிப்பில்கூட இடமில்லை.

1951இல் சென்னை மாநில அரசுக்கு ஒரு விமானம் தேவைப்பட்டது. குமாரசாமி ராஜா முதல்வராக இருந்த காலம். இங்கிலாந்தின் டி ஹாவிலாண்ட் நிறுவனம் கட்டிய ‘டவ்’ விமானத்தை லண்டனிலிருந்து எடுத்துவரும் பொறுப்பு சுந்தரம் தம்பதிக்கு வந்தது. எட்டுப் பேர், நெருக்கி உட்கார்ந்தால் பதினொரு பேர் ஏறக்கூடிய, இரண்டு பிஸ்டன் எஞ்சின் கொண்ட சிறு விமானம். ஒரு முறை நிரப்பிய பெட்ரோலில் லண்டனிலிருந்து பம்பாய் வரை வர முடியாது, வழியில் இறங்கி இறங்கித்தான் வந்தாக வேண்டும். பெட்ரோல் போட்டார்கள், பறந்தார்கள், மறுபடி இறங்கினார்கள். சுமார் 27 மணி நேரத்தில் பம்பாய். அந்த வகை விமானத்துக்கு அது சாதனை. மாற்றி ஓட்ட வேறு விமானிகள் இல்லை. ஒருவர் கண்ணசந்தால் இன்னொருவர் ஓட்ட வேண்டும்.

எழுபது ஆண்டுகள் கழித்து, 2021 ஜனவரியில், சான் ஃபிரான்சிஸ்கோவில் கிளம்பிய ஏர் இந்தியாவின் போயிங் 777 வட துருவத்துக்கு மேலாகப் பறந்து பெங்களூரில் இறங்கியது. ஏறத்தாழ 16,000 கிலோமீட்டர், சுமார் 17 மணி நேரம், நடுவில் எங்கும் நிற்கவில்லை. கேப்டன் சோயா அகர்வாலோடு பாபகாரி தன்மாய், ஆகான்ஷா சோனாவரே, ஷிவானி மன்ஹாஸ் என்று காக்பிட்டில் நால்வரும் பெண்கள். முறை வைத்து ஓட்டினார்கள், முறை வைத்துப் படுக்கையில் தூங்கினார்கள். உஷா பறக்கக் கற்ற ஊரில் சக்கரம் தொட்டது. செய்தியில் அதை யாரும் சொன்னதாக நினைவில்லை.

இந்த இரண்டு பயணங்களுக்கும் இடையில் எல்லாம் சீராக ஏறிவரவில்லை. 1966இல் துர்பா பானர்ஜி இந்தியன் ஏர்லைன்ஸில் சேர்ந்தார். இரண்டு விமானிகளும் பெண்களாக ஒரு விமானம் பறக்க 1985 ஆக வேண்டியிருந்தது: கல்கத்தாவிலிருந்து சில்சார், ஃபோக்கர் விமானம், சௌதாமினி தேஷ்முக், நிவேதிதா பாசின். இதே நிவேதிதா 26 வயதில் ஜெட் விமானத்தின் கேப்டன் ஆனார். அந்த நாட்களில் சக ஊழியர்கள் அவரைச் சீக்கிரம் காக்பிட்டுக்குள் போய்விடும்படி அவசரப்படுத்துவார்களாம், ஓட்டப்போவது ஒரு பெண் என்று பார்த்துப் பயணிகள் பதறிவிடக் கூடாதே என்று! விமானப்படையில் போர் விமானம் ஓட்டப் பெண்களை விட்டது 2016இல்தான். இன்று ஒலிபெருக்கியில் கேப்டனாகப் பெண் குரல் கேட்டால் சென்னைப் பயணி போனிலிருந்து தலையைத் தூக்குவதில்லை.

உஷாவின் கதை வானத்தோடு முடியவில்லை. அவர் இறங்கிய பிறகு செய்த வேலைதான் சென்னையை அதிகம் மாற்றியது என்று எனக்குத் தோன்றும். 1959இல் சுந்தரம் குடும்பம் சென்னையில் ‘ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியா’ என்ற விலங்கு நல அமைப்பைத் தொடங்கியது. மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைச் சுந்தரம் வீட்டுக்குக் கொண்டுவந்ததில் ஆரம்பித்த கதை. அன்று தெருநாய்க்கு மாநகராட்சி வைத்திருந்த ஒரே தீர்வு பிடித்துக் கொல்வது. எத்தனை கொன்றாலும் எண்ணிக்கை குறையவில்லை. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த தெருவிலேயே விட்டுவிடலாம் என்று 1964 முதல் ப்ளூ கிராஸ் சொல்லிவந்தது. மாநகராட்சி அதைக் கேட்டுக்கொள்ள 1996 வரை ஆனது. 2001இல் அது மத்திய அரசின் விதியாகி, 2023இல் திருத்தி எழுதப்பட்டது.

2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், இரண்டு வாரத்துக்குள் அதைத் தளர்த்தியது. வெறிநோய் கண்டவை, கடிக்கும் குணமுள்ளவை தவிர மற்றவற்றைக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பிறகு பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. நாய்க்கடிக்கு ஆளான வீட்டாரும் நாய்க்குச் சோறு வைப்பவர்களும் தொலைக்காட்சியில் இன்றும் மல்லுக்கு நிற்கிறார்கள். இரு தரப்பும் மேற்கோள் காட்டுவது அந்தக் கருத்தடை விதிகளைத்தான்.