அடைப்பிதழும் அமர்விடமும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கச்சிராயப்பாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. அரவைக் காலத்தில் வெட்டிய கரும்பு வயலில் காத்துக்கிடக்க இயலாது. நாள் கடக்கக் கடக்க எடையும் சர்க்கரைச் சத்தும் குறையும். அவ்வேளையில் ஓர் உழவரின் டிராக்டர் முடங்கினால் இழப்பு பொறியோடு நின்றுவிடுவதில்லை. மேற்கே, 2000 அடி முதல் 3000 அடி வரை உயர்ந்து நிற்கும் கல்வராயன் மலையில் நிலைமை இன்னும் கடினம். அங்குள்ள சிற்றூர்களுக்கு ஒரு சரக்கு வண்டி பழுதானால் மரவள்ளிக்கிழங்கு சந்தைக்குப் போகாது. நோயாளி மருத்துவமனைக்குப் போவதும் தாமதமாகும்.

வெள்ளிமலை நோக்கி ஏறும் வண்டியின் பொறி, தாழ்ந்த கியரில் நெடுநேரம் முழுச்சுமையுடன் உழைக்கிறது. வேகம் குறைவாதலால் ரேடியேட்டரில் மோதும் காற்றும் குறைவு. குளிர்விக்கும் நீர் சற்றே குறைந்திருந்தாலும் பொறி கொதித்துவிடும். அச்சூட்டில் உருளையின் மேல்மூடியாகிய ‘ஹெட்’ வளைந்துபோகக்கூடும். வளைந்த ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிச் சமன்செய்தல், வால்வு அமரும் விளிம்பைச் சீராக வெட்டுதல், வால்வின் தண்டு ஏறி இறங்கும் தேய்ந்த வழிகாட்டிக் குழாயை மாற்றுதல் ஆகியவை லேத் பட்டறையின் பணிகள். பணி முடிந்து வந்த ஹெட்டைப் பூட்டிய பின்னும் பொறி திணறினால், மெக்கானிக் லேத் பட்டறையைக் குறைகூறுவார். லேத் பட்டறைக்காரர் பூட்டியவரைக் குறைகூறுவார். இருமுறை பணம் தருபவர் வண்டிக்காரர். இவ்வழக்கை அளவுகோல்தான் தீர்க்க வேண்டும்.

வால்வுக்கு ‘அடைப்பிதழ்’ என்றொரு கலைச்சொல் தமிழில் உண்டு. பட்டறையில் அச்சொல் வழங்குவதில்லை. எனினும் அது பொருத்தமானது. திறப்பதைக் காட்டிலும் அடைப்பதே வால்வின் கடினமான வேலை. நிமிடத்திற்கு 1800 சுற்று சுழலும் நான்கு வீச்சுப் பொறியில் ஒவ்வொரு வால்வும் நிமிடத்திற்கு 900 முறை, அதாவது நொடிக்கு 15 முறை திறந்து மூடுகிறது. வெளியேற்று வால்வின் தலை 700 பாகை செல்சியஸ் அளவுக்கும் சூடேறும். அச்சூட்டின் பெரும்பகுதி, வால்வு தன் அமர்விடத்தைத் தொட்டிருக்கும் நேரத்தில்தான் ஹெட்டிற்குள் கடந்து குளிர்நீரைச் சேர்கிறது. முழுமையாக அமராத வால்வு அழுத்தத்தைக் கசியவிடுவதோடு, தன் சூட்டை இறக்கிவைக்க இடமின்றி விளிம்பில் எரிந்தும் போகிறது.

ஹெட் வேலைக்குப் பின் எழும் தொல்லைகளில் மிகுதியும் காணப்படுவது டாப்பெட் இடைவெளி மறைந்துபோவதே. இதன் காரணத்தைச் சற்று நின்று காண்போம். அமர்விடத்தை வெட்டும்போது வால்வு ஹெட்டிற்குள் சற்றே புதைகிறது; அதே அளவிற்கு அதன் தண்டின் நுனி மறுபக்கத்தில் உயர்ந்து ராக்கர் கையை நெருங்குகிறது. கேம் தண்டு கீழே பொறியுடலில் அமைந்த டிராக்டர்களில் இன்னொரு விளைவும் சேர்கிறது. ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவினால் ஹெட்டும் ராக்கரும் கீழிறங்குகின்றன. தள்ளுகோலின் நீளமோ மாறுவதில்லை. ஆகவே அது ராக்கரின் ஒரு முனையை உயர்த்த, மறுமுனை வால்வின்மேல் சாய்கிறது. இரண்டு மாற்றங்களும் ஒரே திசையில் கூடுவதால், முன்பு சரியாக இருந்த இடைவெளி முற்றிலும் அழிந்துவிடலாம். குளிர்ந்த நிலையில் பொறி கிளம்பும். சூடேறி வால்வுத்தண்டு நீண்டதும் வால்வு மூட மறுக்கும். ‘காலையில் நன்றாக எடுக்கிறது, ஓடி நிறுத்தினால் எடுப்பதில்லை’ என்று வண்டிக்காரர் சொல்வாரானால், முதலில் எடுக்க வேண்டிய கருவி ஃபில்லர் கேஜ்.

இடைவெளி சரியாக இருந்தும் அழுத்தம் குறைந்தால் அமர்விடத்தை ஐயுறலாம். இங்கு வேலையின் வரிசை முக்கியமானது. அமர்விடத்தை வெட்டும் கருவியின் நடுத்தண்டு வழிகாட்டிக் குழாயில்தான் நிற்கிறது. குழாயை முதலில் மாற்றி, பிறகு அமர்விடத்தை வெட்ட வேண்டும். வரிசை தலைகீழானால் இரண்டின் மையங்களும் விலகி, வால்வு ஒருபுறம் மட்டுமே தொடும். வால்வின் விளிம்பில் மெல்லிய நீலச்சாயம் பூசி அமர்விடத்தில் அழுத்தினால் உண்மை தெரிந்துவிடும்: முழு வளையமாகப் பதிந்தால் நன்று, பிறைபோல் பதிந்தால் ஹெட் மீண்டும் பட்டறைக்குப் போக வேண்டியதே. அந்தப் பிறையைக் கிரைண்டிங் பேஸ்ட்டால் தேய்த்து மறைக்க முயல்வது வீண். தேய்த்த பின் அப்பசையை மண்ணெண்ணெயால் முற்றிலும் கழுவாவிட்டால் அதுவே வழிகாட்டியையும் அரித்துவிடும்.

ஹெட்டைப் பூட்டுமுன் செய்யத்தக்க எளிய சோதனையும் ஒன்றுண்டு. வால்வுகளையும் சுருள்வில்களையும் பொருத்தி, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, எரியறைக் குழியில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். காற்றுவழியிலோ புகைவழியிலோ ஈரம் கசிந்தால் அந்த வால்வு அமரவில்லை என்று பொருள். செலவில்லாத இச்சோதனையைப் பலர் அவசரத்தில் விட்டுவிடுகின்றனர்.

பூட்டிய பிறகு காதே துணை. பிஸ்டனை அழுத்த வீச்சின் உச்சியில் நிறுத்தி, அது நகராதவாறு பிடித்துக்கொண்டு, உருளைக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்த வேண்டும். காற்று வடிகட்டிப் பக்கம் சீறினால் உள்ளிழு வால்வு; புகைக்குழலில் சீறினால் வெளியேற்று வால்வு; எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் வளையம். ரேடியேட்டர் நீரில் குமிழி எழுந்தால் கேஸ்கட்டையோ ஹெட்டின் விரிசலையோ தேட வேண்டும். அடுத்தடுத்த இரண்டு உருளைகளில் மட்டும் அழுத்தம் குறைந்திருந்தால் அவற்றிற்கு இடையே கேஸ்கட் விட்டிருப்பதற்கே வாய்ப்பு மிகுதி.

அழுத்தமானியைப் பயன்படுத்துவோர் மலையை மறத்தலாகாது. 3000 அடி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 10 விழுக்காடு குறைவு. மானி காட்டும் எண்ணும் அவ்வாறே குறையும். கையேட்டில் அச்சிட்ட எண்ணோடு மட்டும் ஒப்பிட்டால், மலைமேல் நல்ல வால்வும் பழுதானதாகத் தோன்றும். உருளைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதே அங்கு நம்பத்தக்க வழி.

ஹெட்டை அளவுக்கு மீறிச் சீவியிருந்தால் வால்வின் தலை பிஸ்டனில் மோதும் ஆபத்தும் உண்டு. டீசல் பொறியில் இவ்விடைவெளி மிகச் சிறியது. ஆதலால் முதன்முதலில் பொறியைச் சாவி திருகிக் கிளப்பாமல், கையால் இரண்டு முழுச்சுற்று சுழற்றிப் பார்க்கின்றனர் அனுபவமுள்ளோர். எங்கேனும் கடினமாகத் தடுத்தால் அங்கேயே நிறுத்தி, ஹெட்டைக் கழற்றி, சீவிய அளவை மீண்டும் அளக்க வேண்டும். தேவைப்பட்டால் அப்பொறிக்கென விற்கப்படும் தடித்த கேஸ்கட்டைப் பொருத்த வேண்டும்.