பள்ளித் தோட்டம்

பள்ளிக்கூடத்தில் தோட்டம் போடுவது எளிது. அதைக் காப்பதுதான் அரிது. ஆடியில் விதைத்த பாத்திகள் புரட்டாசியில் பச்சைப்பசேலென்று நிற்கும். அடுத்த சித்திரையில் அங்கே காய்ந்த குச்சிகளே எஞ்சும். அவ்வாறு அழிந்த தோட்டங்கள் பலவற்றைக் கண்டிருக்கிறேன். நிலைத்து நின்ற சிலவற்றையும் கண்டிருக்கிறேன். இரண்டிற்குமுள்ள வேற்றுமையையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

இது புதிய எண்ணமன்று. ஜெர்மானியக் கல்வியாளர் புரோபெல் 1840-இல் தம் பள்ளிக்கு இட்ட பெயருக்கே 'குழந்தைகளின் தோட்டம்' என்பது பொருள். 1937-இல் காந்தியடிகள் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழில் வழியே பாடம் கற்பிக்க முனைந்தது. நம் நாட்டில் 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவும், 1982-இல் சத்துணவுத் திட்டமும் வந்தபின், தோட்டத்திற்கும் பள்ளிச் சமையற்கட்டிற்கும் நேரான உறவு ஏற்பட்டுவிட்டது.

தொடங்க ஒரு சென்டு நிலம், அதாவது ஏறக்குறைய 435 சதுர அடி, போதும். முதற்செலவு வேலிக்கே ஆக வேண்டும். ஆடு புகும் இடத்தில் கீரை மிஞ்சாது. பாத்தியின் அகலம் 3 அடிக்கு மேற்படலாகாது. அப்போதுதான் சிறுவர் மண்ணை மிதிக்காமல் இருபுறமும் நின்று களை பறிக்க இயலும். ஐப்பசி மழையில் நீர் தேங்காதபடி பாத்தியைச் சற்று உயர்த்துக.

முதலில் சிறுகீரை விதையுங்கள். ஏறத்தாழ 25 நாளில் அது பறிப்புக்கு வரும். குழந்தையின் பொறுமை அவ்வளவே. பிறகு, 45 நாளில் காய்க்கத் தொடங்கும் வெண்டையும், அதன்பின் அவரையும் வரட்டும். ஓரங்களில் முருங்கைப் போத்தும் அகத்தியும் நடுக. கை கழுவும் நீரை வாழைக்குத் திருப்புக. பூச்சிக்கு நஞ்சு வேண்டா; இடித்த வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, வடித்துத் தெளித்தால் போதும்.

இனிக் கோடை விடுமுறை. பெரும்பாலான தோட்டங்கள் மடிவது இப்பொழுதுதான். ஆகவே பங்குனிக்குள் காய்கறிப் பாத்திகளை முடித்துவிட்டு, மண்ணைச் சருகினால் மூடிவிட வேண்டும். மரக்கன்றுகளுக்கு அருகே மண்பானையைப் புதைத்து நீர் நிரப்பினால் ஈரம் மெல்லக் கசியும். வாரம் இருமுறை நீர் நிரப்பப் பள்ளிக்கு அருகில் வாழும் பெற்றோரிடம் முன்னரே ஏற்பாடு செய்க.

விதைத்த நாள், இட்ட விதை, முளைத்தவை ஆகியவற்றைக் குறிக்க ஒரு குறிப்பேடு வேண்டும். நாற்பது விதையில் முப்பது முளைத்தால் நூற்றுக்கு எத்தனை என்று கேளுங்கள். விழுக்காட்டுக் கணக்கு மண்ணிலேயே விளங்கிவிடும்.

மண்ணையும் நீரையும்விட முக்கியமானது ஒன்றுண்டு. தாமதமாய் வந்த மாணவனைத் தண்டனையாகக் கொத்தச் சொல்லாதீர்கள். உழைப்பே இழிவென்று அவன் கற்றுக்கொள்வான். எரு சுமப்பது சில பிள்ளைகளுக்கும், பூப்பறிப்பது வேறு சிலருக்கும் என்று பிரிவு வந்துவிட்டால், ஊரிலுள்ள வேற்றுமை பள்ளிக்குள்ளும் வேர் பிடித்துவிடும். ஆதலால் எல்லா வேலையும் சீட்டுக் குலுக்கி முறைவைத்து நடக்கட்டும். ஆசிரியரும் அம்முறையில் சேரட்டும்.

விளைச்சல் பெரியவர்கள் வீட்டுக்குப் போகாமல் பிள்ளைகளின் தட்டுக்கே போக வேண்டும். தான் நீர் வார்த்த கீரையைத் தன் சோற்றில் காணும் குழந்தை அதை ஒதுக்குவதில்லை. மறுநாள் பாத்தியைப் பார்க்க அழைப்பின்றியே வருகிறது. அந்த வருகை நிற்காதவரை தோட்டமும் நிற்கும்.