பந்தும் பணமும் – 9: நாற்றங்காலுக்கு விலை பிறந்தது

2025 ஏப்ரல் 24. அமெரிக்காவின் கிரீன் பே நகரில் என்.எஃப்.எல் டிராஃப்ட் தொடங்கியது. தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்லின் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசை வைத்துப் பொறுக்கி எடுக்கும் மூன்று நாள் திருவிழா அது. முதலில் வாசிக்கப்பட்ட பெயர் கேம் வார்டு. டென்னஸி டைட்டன்ஸ் அவரை எடுத்தது. நான்கு ஆண்டுக்குச் சுமார் 4.9 கோடி டாலர். மூன்றாம் நாள் கடைசிச் சுற்றில், 231-வது ஆளாக, மியாமி டால்பின்ஸ் க்வின் யூவர்ஸை எடுத்தது. நான்கு ஆண்டுக்கும் சேர்த்து அவருக்கு 43 லட்சம் டாலர் சொச்சம்.

இருவருமே குவார்ட்டர்பேக்குகள், ஆட்டத்தின் மூளை என்று சொல்லப்படும் இடம். ஓராண்டு இடைவெளியில் இருவருக்கும் ஒரே கேள்வி வந்தது: கல்லூரியிலேயே இருப்பதா, என்.எஃப்.எல்லுக்குப் போவதா? 2024 ஜனவரியில் டிராஃப்டுக்குப் போவதாக அறிவித்த வார்டு, சில நாட்களிலேயே மனம் மாறி, வாஷிங்டன் ஸ்டேட்டை விட்டு மியாமி பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே ஆடிய ஒரே ஆண்டு அவரை வரிசையின் தலைக்குக் கொண்டுவந்தது. யூவர்ஸோ டெக்சஸ் பல்கலைக்கழகத்தை இரண்டு ஆண்டு அடுத்தடுத்து தேசியப் பட்டத்துக்கான அரையிறுதிக்குக் கொண்டுபோனவர். இன்னும் ஓராண்டு வேறொரு கல்லூரிக்கு ஆட வந்தால் பல மில்லியன் டாலர் தர ஆள் இருப்பதாகச் செய்திகள் வந்தன. அவர் என்.எஃப்.எல்லைத் தேர்ந்தெடுத்தார். நான்கு ஆண்டில் அவர் அங்கே சம்பாதிக்கப்போவதை, கல்லூரியில் ஒரே ஆண்டில் சம்பாதித்திருக்கலாம்.

பத்தாண்டுக்கு முன்பு இப்படி ஒரு கணக்கே போட முடியாது. ஆட்டத்துக்கென்று யாரிடமாவது காசு வாங்கியது தெரிந்தால் கல்லூரி அணியில் இடம் போய்விடும்.

கல்லூரிகளுக்கும் என்.எஃப்.எல்லுக்கும் உள்ள உறவின் தொடக்கத்தைப் பார்க்க நூறாண்டு பின்னால் போக வேண்டும். 1925 நவம்பர் 21 அன்று இல்லினாய் பல்கலைக்கழகத்துக்காகத் தன் கடைசி ஆட்டத்தை ஆடி முடித்தார் ரெட் கிரேஞ்ச். அன்றைய அமெரிக்காவின் மிகப் பெரிய கல்லூரி நட்சத்திரம் அவர். ஐந்தே நாளில் சிகாகோ பேர்ஸ் சட்டையில் களமிறங்கினார். சுமார் 36,000 பேர் திரண்டார்கள். அப்போதுதான் ஐந்து வயது நிரம்பியிருந்த சிறிய என்.எஃப்.எல்லுக்கு அது பெரிய அதிர்ஷ்டம். கல்லூரிகளுக்கோ ஆத்திரம்: படிப்பை முடிக்காத பையனைக் கொத்திக்கொண்டு போவதா? கல்லூரிகளைப் பகைத்துக்கொண்டு பிழைக்க முடியாது என்று லீகுக்குத் தெரியும். ஒரு மாணவரோடு சேர்ந்தவர்கள் பட்டம் பெறும் காலம் வரை அவரைத் தொடுவதில்லை என்று விதி போட்டது. 1936-ல் டிராஃப்ட் முறையும் வந்தது.

அதன்பின் இரு தரப்புக்கும் நல்ல காலம். பேஸ்பால் அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வளர்க்கத் தங்கள் கைக்காசில் சிறிய லீகுகளுக்குச் சம்பளம் கொடுக்கின்றன. என்.எஃப்.எல்லுக்கு அந்தச் செலவே இல்லை. கல்லூரிகளே அதற்கு நாற்றங்கால். பயிற்சியும் விளம்பரமும் அங்கேயே முடிந்துவிடும். கைம்மாறாகக் கல்லூரிகளுக்குக் கிடைத்தவை இரண்டு. ஒன்று, பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆகாதவரை எந்த ஆட்டக்காரரும் என்.எஃப்.எல்லுக்குள் நுழைய முடியாது என்ற விதி. மற்றொன்று சனிக்கிழமை. 1961-ல் அமெரிக்க நாடாளுமன்றம் கொண்டுவந்த விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம், என்.எஃப்.எல் அணிகள் தொலைக்காட்சி உரிமையைக் கூட்டாக விற்க அனுமதித்தது. அதோடு, செப்டம்பர் முதல் டிசம்பரின் இரண்டாவது சனி வரை, வெள்ளி இரவையும் சனிக்கிழமையையும் பள்ளி, கல்லூரி ஆட்டங்களுக்கு விட்டுவைக்கவும் வழிசெய்தது.

இந்த ஏற்பாட்டில் எதுவும் கிடைக்காதவர் ஆட்டக்காரர் மட்டும்தான்.

மூன்றாண்டு விதியில் முட்டிமோதிப் பார்த்தவர் மாரீஸ் கிளாரெட். 2002 பருவத்தில் ஓஹையோ ஸ்டேட் அணி தேசியப் பட்டம் வென்றபோது அவர் முதலாண்டு மாணவர். அடுத்த பருவம் முழுக்கக் கல்லூரி அவரை இடைநீக்கம் செய்தது. ஆடவும் வழியில்லை, சம்பாதிக்கவும் வழியில்லை என்ற நிலையில் என்.எஃப்.எல் மீது வழக்குப் போட்டார். 2004 பிப்ரவரியில் நியூயார்க் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. மே மாதம் மேல்முறையீட்டில் எல்லாம் தலைகீழானது. அந்தத் தீர்ப்பை எழுதியவர், பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போன சோனியா சோட்டோமேயர். லீகும் ஆட்டக்காரர் சங்கமும் சேர்ந்து வகுத்த வேலை நிபந்தனையில் ஏகபோகத் தடைச் சட்டம் தலையிடாது என்பது தீர்ப்பின் சாரம். சங்கத்தில் கிளாரெட் உறுப்பினரே இல்லை. ஆனாலும் சங்கம் ஒப்புக்கொண்டது அவரைக் கட்டியது. 2005-ல் டென்வர் அணி அவரை எடுத்தது. பருவத்தின் ஒரு முறையான ஆட்டத்தில்கூட அவர் ஆடவில்லை.

அதே ஓஹையோ ஸ்டேட்டில் இருபத்திரண்டு ஆண்டு கழித்து ஜெரமையா ஸ்மித் வந்தார். அவரும் முதலாண்டிலேயே தேசியப் பட்டம் வென்றவர். அவருக்கும் 2027 டிராஃப்ட் வரை கதவு அடைப்புதான். ஆனால் ஸ்மித் நீதிமன்றப் படி ஏறவில்லை. ஏற வேண்டிய அவசியமும் இல்லை. அவருடைய பெயருக்கும் முகத்துக்கும் விளம்பரச் சந்தையில் பல மில்லியன் டாலர் மதிப்பு இருக்கிறது.

இடையில் இரண்டு வழக்குகள் நிலைமையை மாற்றிவிட்டன. 2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ-வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஜூலை 1 முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துக் காசு பார்க்கலாம் என்று ஆனது. அடுத்து, நீச்சல் வீரர் கிராண்ட் ஹவுஸ் பெயரிலான வழக்கில் 2025 ஜூன் 6-ல் நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றுக்கொண்ட சமரசம். பழைய மாணவர்களுக்குப் பத்தாண்டில் சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு. இன்றைய மாணவர்களுக்கு, கல்லூரியே நேரடியாக, முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை பங்கிட்டுத் தரலாம். ஏறக்குறைய 175 கோடி ரூபாய். பெரிய கல்லூரிகளில் இதில் பெரும்பங்கு கால்பந்துக்கே போகிறது.

மூன்றாண்டு விதியைப் பணம் தகர்த்துவிடும் என்று எதிர்பார்க்கலாம். நடப்பதோ வேறு. பட்டினி போட்டபோது ஒரு கிளாரெட் வழக்குக்குப் போனார். இப்போது உள்ளே சம்பளம் இருப்பதால் கதவைத் தட்டும் வேகமே குறைந்திருக்கிறது. என்.எஃப்.எல் தன் பையிலிருந்து ஒரு டாலர்கூட எடுக்காமல், அதன் விதிக்குக் கல்லூரிகள் காவல் நிற்கின்றன.

மாற்றம் தெரிவது நடுத்தரத் திறமைசாலிகளிடம். 2025-ல் புதுமுக என்.எஃப்.எல் ஆட்டக்காரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 8.4 லட்சம் டாலர். அதுவும் பிரதான அணியில் இடம் கிடைத்தால்தான். பயிற்சிக் குழுவில் ஒதுக்கப்பட்டால் வாரம் 13,000 டாலர். ஆறாம் சுற்றிலோ ஏழாம் சுற்றிலோ தேறலாம் என்ற நிலையில் இருப்பவர், கல்லூரியில் இன்னும் ஓராண்டு இருந்தால் இதைத் தாண்டலாம். படிப்பை முடிக்கும் முன்பே டிராஃப்டுக்கு வருபவர்களின் எண்ணிக்கையிலும் இது தெரிகிறது: 2021-ல் 120-க்கு மேல் வந்தார்கள், 2024-ல் 60-க்கும் குறைவு. கொரோனா காலத்தில் எல்லோருக்கும் கூடுதலாக ஓராண்டு ஆட அனுமதி கிடைத்ததும் ஒரு காரணம். கல்லூரிக் காசு இன்னொரு காரணம்.

என்.எஃப்.எல்லுக்கு இதில் லாபமும் உண்டு, நட்டமும் உண்டு. ஓராண்டு கூடுதலாகப் பழுத்து வரும் வார்டு போன்றவர் லாபம். நட்டம் வயதில். புதுமுகங்களின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டு. 21 வயதில் வருபவர் 25-ல் பெரிய ஒப்பந்தம் பேசலாம். 24-ல் வருபவருக்கு அப்போது 28. பந்தை ஏந்தி ஓடுகிற ரன்னிங்பேக்குகளுக்கு அது கால்கள் தளரத் தொடங்கும் வயது. கடைசிச் சுற்றுகளில் பொறுக்கி எடுக்க ஆள் மெலிந்துபோவதும் அணிகளுக்குத் தலைவலிதான்.

ஆள் பிடிக்கும் தொழிலும் இடம் மாறுகிறது. சம்பளப் பட்டுவாடா வந்துவிட்டதால் கல்லூரிகள் பொது மேலாளர்களை நியமிக்கின்றன, என்.எஃப்.எல் கிளப்புகளில் இருக்கும் பதவி அது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் முன்னாள் என்.எஃப்.எல் குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக்கை அழைத்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி அணிக்கு முன்னாள் என்.எஃப்.எல் பயிற்சியாளர் ரான் ரிவேரா வந்தார். ஆறு முறை சூப்பர் பவுல் வென்ற பயிற்சியாளர் பில் பெலிச்சிக் 2024 டிசம்பரில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 32 அணிகள் கொண்ட என்.எஃப்.எல்லின் 33-வது அணி தாங்கள் என்று அங்கே பெருமை பேசினார்கள். முதல் பருவத்தில் வெற்றி 4, தோல்வி 8.

பழக்கங்கள் வந்த வேகத்தில் விதிகள் வரவில்லை. 2025 ஏப்ரலில் டென்னஸி பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் நிகோ இயமலயாவா, பணப் பேச்சு நடப்பதாகச் செய்திகள் அடிபட்ட நேரத்தில், பயிற்சிக்கு வரவில்லை. கல்லூரி அவரை விட்டுவிட்டு நடந்தது, அவர் யு.சி.எல்.ஏ-வுக்குப் போய்விட்டார். என்.எஃப்.எல்லில் ஆட்டக்காரர் இப்படி முரண்டு பிடித்தால் அபராதம் எவ்வளவு என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். கல்லூரியில் அந்தத் தாளே இல்லை, ஏனென்றால் பேசி எழுத ஒரு சங்கம் இல்லை. சோட்டோமேயர் தீர்ப்பு என்.எஃப்.எல்லுக்குத் தந்த சட்டக் கவசம் கல்லூரிகளுக்குக் கிடைக்காததும் அதனால்தான். அவை எந்த விதி போட்டாலும் மறுநாள் வழக்கு வருகிறது.

சனிக்கிழமை உடன்பாட்டிலும் உரசல். கல்லூரிகளின் பிளேஆஃப் 12 அணிகளாக விரிந்த முதல் ஆண்டு, 2024 டிசம்பர் 21 சனிக்கிழமை மூன்று ஆட்டங்கள் நடந்தன. அன்றே என்.எஃப்.எல் தன் ஆட்டங்கள் இரண்டை வைத்தது. சட்டம் காக்கும் காலம் முந்தைய சனியோடு முடிந்திருந்தது. பார்வையாளர் எண்ணிக்கையில் என்.எஃப்.எல் பல லட்சம் முன்னால் நின்றது. மாணவர் விளையாட்டு என்பதற்காக 1961-ல் கொடுத்த சலுகை, சம்பளம் வாங்கும் மாணவர்களுக்கும் செல்லுமா என்று தொலைக்காட்சிக்காரர்கள் கேட்கத் தொடங்கினால், கல்லூரிகளிடம் எளிய பதில் இருக்காது.

கூடைப்பந்தில் ஒரு முன்னோட்டம் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. பள்ளி முடித்த திறமைசாலிகளுக்கு ஐந்து லட்சம் டாலர் வரை சம்பளம் தர, என்.பி.ஏ 2020-ல் ஜி லீக் இக்னைட் என்ற அணியைத் தொடங்கியது. கல்லூரிகளே காசு தர ஆரம்பித்ததும் அதற்கு வேலை இல்லாமல் போனது, 2024-ல் மூடினார்கள். என்.எஃப்.எல் சொந்தமாக ஒரு வளர்ப்பு லீகைத் தொடங்கும் பேச்சு எழுந்தால், உரிமையாளர்கள் முதலில் இதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.

எல்லா நூலும் சங்கம் என்ற முடிச்சில்தான் வந்து நிற்கிறது. கல்லூரி ஆட்டக்காரர்கள் தொழிலாளர்களா? 2014-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் கால்பந்து அணியினர் ஆம் என்று சொல்லி மனுப் போட்டார்கள். 2015-ல் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் அதில் தலையிட மறுத்தது. அந்த மனுவின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)