றொபின் ஹூட் படத்தின் தோற்றுவாய்

வீரசாகசப் படமெனின் முதற் காட்சியிலேயே வாளொலி கேட்கவேண்டும் என்று எண்ணுவோர் பலர். 1938ஆம் ஆண்டில் வெளிவந்த றொபின் ஹூட் படமோ கதாநாயகனை உடனே காட்டுவதில்லை. மைக்கேல் கேர்ட்டிஸ், வில்லியம் கீலி ஆகிய இருவர் நெறிப்படுத்திய அப்படம், முதலில் நம்மை ஒரு செய்தியைக் கேட்கச் செய்கின்றது. வானொலி நேயர்களாகிய நமக்கு இஃது உவப்பான தொடக்கமே.

சிங்கநெஞ்சன் எனப் பெயர்பெற்ற றிச்சர்ட் மன்னன் 1191இல் சிலுவைப்போருக்குச் சென்றான் என்றும், ஆட்சிப் பொறுப்பைத் தம்பி ஜோனுக்குக் கொடாது வேறொருவனுக்குக் கொடுத்தான் என்றும் திரையில் எழுத்துகள் கூறுகின்றன. அடுத்து, மன்னன் ஒஸ்திரியாவிலே சிறைப்பட்டான் என ஒருவன் ஊரவர்க்கு அறிவிக்கிறான். காட்சி மாறுகின்றது. ஜோனும் அவன் துணைவன் கையும் அச்செய்தியால் உள்ளம் பூரித்து நிற்கின்றனர். செந்நிற மது தரையில் சிந்திப் பரவுகின்றது. மீட்புப் பணம் என்ற பெயரில் மக்கள் கொள்ளையிடப்படும் காட்சிகள் அதன்பின் வருகின்றன. இனி ஓடப்போவது எதுவென்பதை அம்மதுவின் நிறமே சொல்லிவிட்டது. வண்ணப்படம் புதுமையாயிருந்த அக்காலத்தில் வண்ணத்தை இவ்வாறு பொருளோடு கையாண்டமை பாராட்டத்தக்கது.

பின்னரே மான் வருகின்றது. பசியால் வாடிய ஏழை ஒருவன் அரசனுடைய காட்டில் மானை எய்கிறான். அக்குற்றத்திற்குத் தண்டனை மரணம். அவனைக் காக்கவே றொபின் தோன்றுகிறான். இந்த வரிசை மாறியிருப்பின் என்னாகும்? சட்டத்தை மீறும் ஒரு வழிப்பறிக்காரனையே கண்டிருப்போம். சட்டம் யாருடைய கையில் எவ்வாறு பயன்படுகின்றது என்பதை முதலிற் கண்டமையாலன்றோ நம் மனச்சான்று அவன் பக்கம் நிற்கின்றது! சற்று நேரத்தில் நொட்டிங்காம் கோட்டை விருந்தினுள் மானொன்றைத் தோளிற் சுமந்து வந்து, ஜோனின் முன்னே மேசையிற் போடுகிறான் றொபின். பசிக்கு உணவாக வேண்டிய மான் இப்போது அறைகூவலாகின்றது. நீண்ட வசனம் செய்யவேண்டிய வேலையை ஒரு பொருள் செய்துவிடுகின்றது. எரல் பிளின் அங்கே சிரித்த முகத்துடன் பேசுவதும் நன்று. சினந்து பேசியிருந்தால் அத்துணை அச்சமின்மை புலப்பட்டிராது.

வரலாறு கற்பிப்போர் ஒன்றை மனங்கொள்ள வேண்டும். நோர்மானியர், சாக்சனியர் பகை பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் இத்துணைக் கூர்மையாயிருந்தது என்பது பெரும்பாலும் வால்ரர் ஸ்கொட் 1819இல் வெளியிட்ட ‘ஐவன்ஹோ’ நாவல் பரப்பிய கருத்தாகும். படம் அதனைத் தயங்காது எடுத்துக்கொண்டது.

இறுதி வாட்போரில், பொருதுவோரை விடுத்துச் சுவரில் விழும் அவர்தம் நிழல்களைக் கமெரா காட்டும் அழகைப் பலரும் புகழ்வர். எனக்கோ அதற்கு முன்னுள்ள ஒரு காட்சியே பெரிது. துறவியுடையில் மறைந்து மன்னன் காட்டிற்கு வருகிறான். ஆளறியாத றொபின், மக்களைக் காக்கும் கடமையைக் கைவிட்டு அயல்நாட்டில் போர்செய்யப் போன றிச்சர்ட்டின்மேலேயே பழியைச் சுமத்துகிறான். தொடக்கத்தில் அறிவிப்போன் சொல்லாது விட்ட அக்குற்றச்சாட்டை, முக்காட்டினுள்ளிருந்து மன்னனே கேட்கிறான்.