குடிநீரில் குறையும் மக்னீசியம்: இஸ்ரேலில் இதயநோய் பற்றிய கவலை

இஸ்ரேலில் வீடுகளுக்கு வழங்கப்படும் குடிநீரின் பெரும்பகுதி இன்று மத்தியதரைக் கடலிலிருந்து பெறப்படுகிறது. வறட்சிக்கு அஞ்சி வாழ்ந்த அந்நாடு நீர்ப்பற்றாக்குறையைப் பெருமளவு வென்றிருப்பதற்கு இது முக்கிய காரணம். ஆனால் கடல்நீரிலிருந்து உப்பை அகற்றும்போது, இதயத்துக்கு இன்றியமையாத மக்னீசியமும் அகன்றுவிடுகிறது என்று அந்நாட்டு மருத்துவ ஆய்வாளர்கள் எச்சரித்துள்ளனர்.

கால்சியம் திரும்புகிறது, மக்னீசியம் திரும்புவதில்லை

அஷ்கெலோன் நகரின் பெரிய ஆலை 2005 இல் இயங்கத் தொடங்கியது. இத்தகைய ஆலைகளில் கடல்நீர் மிகுந்த அழுத்தத்துடன் நுண்ணிய சவ்வுகளின் ஊடாகச் செலுத்தப்படுகிறது. உப்போடு ஏனைய தாதுக்களும் பின்தங்கிவிடுகின்றன. தாதுக்களற்ற நீர் குழாய்களை அரிக்கும் என்பதால், சுண்ணாம்புக்கல்லின் மூலம் கால்சியம் மீண்டும் சேர்க்கப்படுகிறது. மக்னீசியம் சேர்க்கப்படுவதில்லை.

விளைவு முதலில் வயல்களில் தெரிந்தது. இந்நீர் பாய்ந்த தக்காளி முதலிய பயிர்களில் மக்னீசியக் குறைபாட்டின் அறிகுறிகள் காணப்பட்டதாக 2007 இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியான கட்டுரை தெரிவித்தது.

இதயத்தில் அதன் பணி

இதயத் தசைகள் சுருங்கி விரிவதிலும், துடிப்பு சீராக இருப்பதிலும் மக்னீசியத்துக்குப் பங்கு உண்டு. ஆபத்தான ஒருவகைத் துடிப்புக் கோளாறுக்கு மருத்துவர்கள் இதனை ஊசிமூலம் செலுத்துகின்றனர். உடலில் உள்ள சுமார் 25 கிராம் மக்னீசியத்தில் இரத்தத்தில் இருப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. எனவே இரத்தப் பரிசோதனை இயல்பாக இருந்தாலும் குறைபாடு மறைந்திருக்கக்கூடும்.

பார்-இலான் பல்கலைக்கழகம், ஷீபா மருத்துவமனை ஆகியவற்றின் ஆய்வாளர்கள் 2002 முதல் 2013 வரை மாரடைப்புடன் சேர்க்கப்பட்ட நோயாளிகளின் தரவுகளை ஆராய்ந்தனர். கடல்நீர்க் குடிநீர் வந்த பகுதிகளில், அதற்குப் பிந்தைய ஆண்டுகளில், இறப்பு விகிதம் மற்றப் பகுதிகளைவிட அதிகமாக இருந்தது.

ஆயினும் இத்தகைய ஒப்பீடுகள் தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர, காரணத்தை நிரூபிப்பதில்லை. மாரடைப்பின்போது மக்னீசியம் செலுத்துவது உயிர் காக்கும் என்று 1992 இல் பிரிட்டனின் லெஸ்டர் நகரில் நடந்த ஆய்வு நம்பிக்கை தந்தது. 58,000க்கும் அதிகமானோர் பங்குகொண்ட 1995 ஆம் ஆண்டின் ஆய்வு அந்நம்பிக்கையைத் தகர்த்தது. எனினும் நெருக்கடி நேரத்தில் கொடுக்கும் மருந்தும் பல ஆண்டுகள் நீடிக்கும் பற்றாக்குறையும் ஒன்றல்ல.

செலவை ஏற்பது யார்?

குடிநீரில் மக்னீசியம் சேர்க்கவேண்டும் என்பது இஸ்ரேலியச் சுகாதார அமைச்சின் நிலைப்பாடு. குழாயில் வரும் நீரில் மிகச் சிறு பகுதியே குடிக்கப்படுகிறது, எஞ்சியது குளிக்கவும் கழுவவும் பாய்ச்சவும் செலவாகிறது, அவ்வளவு நீருக்கும் ஏன் செலவிட வேண்டும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். தண்ணீர்க் கட்டணம் உயரும் என்பதும் ஒரு கவலை. ஆனால் பற்றாக்குறையை உணவில் ஈடுசெய்ய வசதியற்ற ஏழைகளுக்கே இந்தத் தாமதத்தால் பாதிப்பு அதிகம்.

கடல்நீரையே பெரிதும் நம்பியுள்ள வளைகுடா நாடுகளில் வாழும் தமிழர்களுக்கும் இது பொருந்தும் கேள்வி. கீரை, பயறு, கடலை, தீட்டாத அரிசி ஆகியவற்றில் மக்னீசியம் நிறைந்துள்ளது. அரிசியைத் தீட்டும்போது பெரும்பகுதி தவிட்டோடு போய்விடுகிறது. நீரிழிவு உள்ளவர்களும், சிறுநீர் பெருக்கும் மருந்துகளை உட்கொள்பவர்களும் கூடுதல் கவனம் செலுத்துவது நல்லது. சிறுநீரக நோயாளிகளுக்கு மக்னீசிய மாத்திரை ஆபத்தாகலாம் என்பதால், மருத்துவரைக் கேளாமல் அதனை உட்கொள்ளக்கூடாது.